சோத்துக் கோப்பையைக் கூண்டில் ஏத்த முன்னம்



போன மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த ஆரோக்கியக் கருத்தரங்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இப்படியான ஒன்றுக்கு நீங்களும் போயிருப்பீங்கள். வாசலில் பிரஷர் பார்க்கிற மேசை. பக்கத்து மேசையில் பால் தேத்தண்ணியும் மட்டன் ரோல்ஸும். மேடைத் திரையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் படம்: பாதி மரக்கறி, கால்வாசி பருப்போ மீனோ, கால்வாசி சோறு. பேசினவர் நல்லாத்தான் பேசினார். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் பத்துத் தரமாவது "எங்கட ஆக்களுக்குச் சோறு இல்லாமல் ஏலாது" என்று சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் சபை சிரித்தது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு ஐயா எழும்பினார். செக்கியூரிற்றி உடுப்போடேயே வந்திருந்தார்.

"நான் இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கிறன். காலமை ஏழு மணிக்கு முடியும். ரெண்டு பஸ் மாறி வீட்டை வர எட்டரை. வந்து சோத்தைச் சாப்பிட்டிட்டுப் படுக்கிறனான். நீங்கள் நடக்கச் சொல்லுறீங்கள். நான் எத்தினை மணிக்கு நடக்கிறது?"

சபை திரும்பவும் சிரித்தது. "மனம் இருந்தால் நேரம் வரும் ஐயா" என்று பேசினவர் சொல்ல, மைக் அடுத்த ஆளிடம் போனது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது அந்தப் பேச்சாளர் மட்டும் இல்லை. இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்கிற நாங்களும்தான். காசாவைப் பற்றி, வாடகையைப் பற்றி, பொலிஸ் பட்ஜெட்டைப் பற்றி நாங்கள் கதைக்கிறோம். எங்கட அப்பா அம்மாவின் சீனி வருத்தத்தையும் ஹார்ட் அற்றாக்கையும் "லைஃப்ஸ்டைல்" என்ற பெட்டிக்குள் போட்டு, கோயில் மண்டபத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் விட்டுவிட்டோம். இது பிழை என்பதுதான் என் வாதம். சாப்பாடு உடம்பை என்ன செய்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேணும். அந்தச் சாப்பாட்டை யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேட்க வேணும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் ரெண்டும் பழுதாகும்.

முதலில் எண்கள்

2000 ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் ஷெயர் என்ற கனடிய ஆய்வு வெளியானது. ஹமில்ற்றன், ரொறொன்ரோ, எட்மன்ரன் ஆகிய மூன்று நகரங்களில் 985 பேரைப் பரிசோதித்தார்கள். தெற்காசியர்களில் 11 வீதமானோருக்கு இதய, இரத்தக்குழாய் நோய் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 5 வீதம். சீன வம்சாவளியினரில் 2 வீதம். ஒரே நாடு, ஒரே மருத்துவ முறை, இவ்வளவு இடைவெளி.

2011 இல் ஒன்ராறியோ மக்களை வைத்து வந்த இன்னொரு ஆய்வு: ஒரு வெள்ளையருக்கு உடல் நிறைச் சுட்டெண் 30 ஆகும்போது இருக்கிற நீரிழிவு ஆபத்து, ஒரு தெற்காசியருக்கு 24 இலேயே வந்துவிடுகிறது. 24 என்பது சாதாரண அட்டவணையில் "நல்ல நிறை". டொக்டர் தட்டிக்கொடுத்து அனுப்புகிற நிறை. அதே ஆய்வில், நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட நடுவயது தெற்காசியர்களுக்கு 49, வெள்ளையர்களுக்கு 58.

மாரடைப்பிலும் இதே கதைதான். ஹமில்ற்றன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து 2007 இல் ஒரு கட்டுரை வந்தது. தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 59.

49, 53. இந்த எண்களை வாசிக்கும்போது எனக்கு எங்கட வீட்டு ஆல்பம்தான் நினைவு வந்தது. 83 க்குப் பிறகு இருபது வயதில் வந்து இறங்கின மாமாமார், சித்தப்பாமார். வெல்லெஸ்லி-பார்லிமென்ற் தொடர்மாடிகளில் ஒரு அறைக்குள் ஆறு பேராக இருந்தவர்கள். கோப்பை கழுவி, தொழிற்சாலையில் நின்று, தங்கச்சிமாரை ஸ்பொன்சர் பண்ணி, கடைசியில் மார்க்கத்தில் வீடு வாங்கின வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள். என் அப்பாவுக்கு ஸ்ரென்ற் வைத்தது 51 வயதில். அவருடைய ஃபிரென்ட் ஒருவர் 48 இல் செத்த வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஒரு வருத்தமும் இல்லாத மனுசன்." வருத்தம் இருந்திருக்கும். பார்க்க நேரம் இருந்திருக்காது.

ஒரு குறிப்பு. மேலே எல்லா இடத்திலும் "தெற்காசியர்" என்றுதான் இருக்கிறது. தமிழர் என்று தனியாக எண் இல்லை. யாழ்ப்பாணத்து மீன் குழம்பும் பஞ்சாபி பரோட்டாவும் ஒரே பெட்டிக்குள். எங்களைப் பற்றின எங்கட தரவைக் கேட்பதும் ஒரு அரசியல் கோரிக்கைதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

இதைச் சுருக்கமாக ஆனால் நேராகச் சொல்கிறேன். சோறு, பாண், ரொட்டி, சீனி எல்லாம் கடைசியில் இரத்தத்தில் குளுக்கோஸ் ஆகும். அதை இரத்தத்தில் இருந்து எடுத்துக் கலங்களுக்குள் அனுப்ப இன்சுலின் வேணும். உடம்பில் குளுக்கோஸைக் கூட வாங்குகிற இடம் தசை. தசை குறைவாக இருந்தால், அல்லது ஈரலுக்குள்ளும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்திருந்தால், இன்சுலின் சொல்வதைக் கலங்கள் கேட்காது. சதையி இன்னும் இன்னும் இன்சுலின் சுரக்கும். பத்துப் பதினைந்து வருடம் அப்படி இழுத்துக்கொண்டு போய்க் களைத்துவிடும். அந்த இடைக்காலம் முழுக்க எந்த நோவும் இருக்காது. ஆனால் அதே காலத்தில் இரத்தத்தில் ட்ரைகிளிசரைட்ஸ் ஏறும், நல்ல கொலஸ்ட்ரோல் இறங்கும், பிரஷர் கூடும், இதயக் குழாய்களின் சுவரில் படிவு வளரும். அதனால்தான் சீனி வருத்தமும் இதய வருத்தமும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மாதிரி வருகின்றன.

எங்களுக்கு ஏன் மெல்லிய உடம்பிலேயே இது நடக்கிறது? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக் 2004 இல் லான்செற்றில் ஒரு படம் போட்டார். அவரும் ஆங்கிலேய மருத்துவர் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ரெண்டு பேருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம். யாஞ்ஞிக்கின் உடம்பில் 21.2 வீதம். பார்வைக்கு மெலிவு, உள்ளுக்குள் கொழுப்பு. யாஞ்ஞிக்கின் குழு புனேயில் பிறந்த குழந்தைகளிடமும் இதைக் கண்டது: நிறை குறைந்த, தசை குறைந்த, ஆனால் கொழுப்பு அவ்வளவு குறையாத குழந்தைகள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே, தாய்க்குக் கிடைத்த சாப்பாட்டுக்கு ஏற்ப உடம்பு வடிவம் எடுக்கிறது என்பது அவருடைய வாதம்.

ஆகவே "எங்கட ஜீன் அப்படி" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கோ. பரம்பரைக்குப் பங்கு இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் அம்மம்மா கர்ப்பமாக இருந்தபோது யார் சாப்பிட்ட பிறகு அவ சாப்பிட்டா, என்ன மிச்சம் இருந்தது என்பதும் எங்கட உடம்பில் எழுதப்பட்டிருக்கு. அது ஜீன் இல்லை, வரலாறு.

சோறு குற்றவாளியா?

இங்கே ரெண்டு பக்கமும் எனக்குச் சண்டை இருக்கு.

ஒரு பக்கம் எங்கட தோழர்கள் சிலர். "டயட் பற்றிக் கதைப்பதே நவதாராளவாதம், தனிமனிதர் மேல் பழி போடுவது, உடம்பை வெட்கப்படுத்துவது. சோற்றைக் குறை சொல்வது காலனியம்." இதில் பாதி உண்மை. மீதிப் பாதியால் எங்கட ஆக்கள் சாகிறார்கள். 2020 இல் 21 நாடுகளில் 132,373 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு நாளைக்கு 450 கிராம் அல்லது அதுக்கு மேல் சமைத்த வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களையும் 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் கூடச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வந்த வீதம் 61 வீதம் அதிகம். 450 கிராம் என்றால் மூன்று கப். எங்கட வீட்டில் அது ஒரு நேரச் சாப்பாடு. இது ஒரு அவதானிப்பு ஆய்வுதான். சோறு மட்டும்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் இதைச் சொல்வது காலனியம் என்றால், எங்கட அம்மாவுக்கு நாங்கள் என்ன சொல்லப் போகிறோம்?

மற்றப் பக்கம் அந்த மண்டபம். சோறு ஒரு குற்றவாளி, அதைத் தின்கிற ஆள் இன்னொரு குற்றவாளி. கோப்பையில் இருந்து சோற்றை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பிறகு வட்ஸ்அப் வரும்: வெறும் வயிற்றில் ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் இதயம் சுத்தமாகுமாம். ஆகாது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. பாரம்பரியம் என்பதால் எல்லாம் மருந்தாகிவிடாது.

உண்மையான பதிலில் பரபரப்பு ஒன்றும் இல்லை. சோறு இருக்கலாம், அளவு குறைய வேணும். தீட்டின வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு போகாத அரிசி, குரக்கன் என்று மாற்றலாம். பருப்பு, கடலை, மீன், கீரை கோப்பையில் இடம் பிடிக்க வேணும். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும். பால் தேத்தண்ணியில் போடுகிற மூன்று கரண்டி சீனியும், கோப்பிக்கடை டபுள் டபுளும், கேக்கும் ரோல்ஸும் சோற்றுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கின்றன. கருவாடும் ஊறுகாயும் பிரஷரைக் கூட்டும் உப்பு. இன்ரர்ஹார்ட் ஆய்வு மாரடைப்புக்குக் காட்டின ஒன்பது காரணிகள், ஆண்களில் ஆபத்தின் 90 வீதத்தையும் பெண்களில் 94 வீதத்தையும் விளக்கின. புகை, கொலஸ்ட்ரோல், பிரஷர், நீரிழிவு, வயிற்றுக் கொழுப்பு, மரக்கறி பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி, மது. ஒன்பதாவது, மன அழுத்தம். ஆரோக்கியக் கருத்தரங்குகளில் எட்டைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

கோப்பையின் வரலாறு

இலங்கையில் சோறு எப்பவும் அரசியல் கேள்வியாகத்தான் இருந்திருக்கு. 1953 இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றினது. ஓகஸ்ட் 12 இல் இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடே நின்றது. மந்திரிசபை பயத்தில் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலுக்குள் போயிருந்து கூடினது. பொலிஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். ரெண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்காக ஒரு பிரதமரை இறக்கின நாட்டில் இருந்து வந்த நாங்கள், சாப்பாடு தனிப்பட்ட விஷயம் என்று இங்கே நம்பத் தொடங்கிவிட்டோம்.

மலையகத் தோட்டங்களில் அரிசியும் பிறகு கோதுமை மாவும் சம்பளத்தில் கழித்துத்தான் கொடுக்கப்பட்டன. அமெரிக்கா தன் உபரிக் கோதுமையை உதவி என்று அனுப்பின காலத்தில் பாண் எங்கட காலைச் சாப்பாடாக மாறினது. இன்றைக்கு "எங்கட பாரம்பரியச் சாப்பாடு" என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிற கொத்து ரொட்டி அந்த வெள்ளை மாவில்தான் நிற்கிறது.

1990 க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, உரம் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடினது. அகதி முகாம்களில் நிவாரணம் என்று வந்தது அரிசி, மா, பருப்பு, சீனி. அந்தக் காலத்தைப் பற்றிச் சிலர் இப்ப "ஒடியல் கூழும் சைக்கிளும், ஒரு வருத்தமும் இல்லை" என்று கதைக்கிறார்கள். தயவுசெய்து ஒரு தடையை ஆரோக்கிய முகாம் ஆக்காதேங்கோ. அங்கே குழந்தைகள் மருந்தில்லாமல் செத்தன. பசியில் வளர்ந்த உடம்பு பிறகு மலிவான மாவும் சீனியும் நிறைந்த நகரத்துக்கு வரும்போது என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

ஸ்காபரோவில் எத்தினை மணிக்கு நடக்கிறது?

2007 இல் ஒன்ராறியோவின் ஐசெஸ் ஆய்வு நிறுவனம் ரொறொன்ரோவின் நீரிழிவு வரைபடத்தை வெளியிட்டது. நடு நகரம் வெளிறி இருந்தது. வடமேற்கும் கிழக்கு ஸ்காபரோவும் இருண்டிருந்தன. வருமானம் குறைந்த, குடிவந்தவர்கள் கூடின, கார் இல்லாவிட்டால் கடைக்குக்கூடப் போக ஏலாத இடங்கள். 2013 இல் வந்த இன்னொரு ஆய்வு, நடக்க வசதியே இல்லாத பகுதிகளில் இருக்கும் புதுக் குடிவரவாளர்களுக்கு நீரிழிவு வருவது, நல்லா நடக்கக்கூடிய பகுதிகளில் இருப்பவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் என்று காட்டினது. அந்த ஐயாவின் கேள்விக்கு மருத்துவ இதழிலேயே பதில் இருக்கு. மண்டபத்தில்தான் இல்லை.

2023 யூலை 24 இல் ஸ்காபரோ ஆர்ரி ரெயில் தடம் புரண்டது. அதுக்குப் பிறகு அது ஓடவேயில்லை. ஸ்காபரோ ஆக்கள் பஸ்ஸில் நிற்கிறார்கள். பஸ்ஸில் போகிற அரை மணித்தியாலம் வேறு எங்கேயோ இருந்து வெட்டப்படும்: நித்திரையில் இருந்து, சமையலில் இருந்து, நடையில் இருந்து. நித்திரை குறைந்தால் இன்சுலின் வேலை செய்வது குறையும் என்பது பரிசோதனைகளில் காட்டப்பட்ட விஷயம். இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூட வருகின்றன. அந்த ஐயா காலமை எட்டரைக்குச் சாப்பிடுகிற சோறு, நாள் முழுக்க வேலை செய்த ஒருவர் நடுச்சாமத்தில் சாப்பிடுகிற சோறு மாதிரி. உடம்பு மணிக்கூட்டுக்கு எதிராக வேலை செய்யச் சொன்னது அவர் மனம் இல்லை. ஏஜென்சி.

பிறகு விலை. டெய்லி பிரெட் உணவு வங்கியின் 2023 அறிக்கைப்படி ரொறொன்ரோவில் பத்தில் ஒருவர் உணவு வங்கியை நம்பியிருக்கிறார். உணவு வங்கியில் கிடைப்பது பெரும்பாலும் பாஸ்ற்றா, அரிசி, ரின் சாமான். ஒன்ராறியோவில் 2018 இல் வெளியான ஒரு ஆய்வு, சாப்பாட்டுக்குக் காசு போதாத வீடுகளில் இருப்பவர்களுக்கு ரைப் 2 நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல் என்றது. இதே நாட்டில் லொப்லோ நிறுவனமும் அதன் தாய்க் கொம்பனி ஜோர்ஜ் வெஸ்ரனும் 2001 முதல் பாணின் விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றினதை 2017 இல் ஒப்புக்கொண்டன. 2024 இல் 500 மில்லியன் டொலர் நட்டஈட்டுக்கு இணங்கின. பாணுக்கு இப்படிச் செய்தவர்களின் கடையில் நிற்கிற அம்மாவைப் பார்த்து "கீரை வாங்குங்கோ" என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்க வேணும்.

யார் சமைக்கிறது?

இதை எங்கட கூட்டங்களில் நாங்கள் கதைப்பதில்லை. டொக்டர் அப்பாவுக்கு "சாப்பாட்டை மாத்துங்கோ" என்றார். மாற்றினது அம்மா. அப்பாவுக்குக் குரக்கன் பிட்டு, தம்பிக்குச் சோறும் கோழிக்கறியும், எனக்குச் சலாட். மூன்று சமையல். பிறகு மிச்சம் இருக்கிற சோற்றைப் பானையோடு வைத்துத் தான் சாப்பிடுவா, எறியக் கூடாது என்று. போன வருடம் அம்மாவுக்கும் சீனி என்று ரிசல்ற் வந்தது. அப்பாவின் கோப்பையைப் பார்த்த அளவுக்கு அம்மாவின் கோப்பையை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பெண்ணிய வாசிப்பு வட்டத்துக்குப் போய் வந்து, ரெடியாக இருந்த சலாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

"வீட்டுச் சமையல்தான் ஆரோக்கியம்" என்று சொல்லும்போது, அந்த வீட்டுச் சமையல் யாருடைய சம்பளமில்லாத வேலை என்றும் சேர்த்துச் சொல்ல வேணும். ஆண்கள் சமைக்காத வீட்டில் சாப்பாட்டு மாற்றம் என்பது ஒரு பெண்ணுக்கு இன்னொரு ஷிஃப்ட்.

இன்சுலின் நகரம்

எங்கட நகரத்துக்கு ஒரு பெருமை இருக்கு. 1921 இல் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில்தான் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 சனவரியில் ரொறொன்ரோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. 1923 இல் பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூன்று பேரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள்.

நூறு வருடத்துக்குப் பிறகு, இதே நகரத்தில் வேலைக் காப்புறுதி இல்லாத ஒரு ஆள் மருந்துக்கும் சோதிக்கிற ஸ்ட்ரிப்புக்கும் கைக்காசு போடுகிறார். டொக்டரைப் பார்க்க ஓஹிப் காசு கட்டும். அவர் எழுதித் தருகிற மருந்துக்குப் பெரும்பாலும் கட்டாது. 2024 ஒக்ரோபரில் மத்திய பாராளுமன்றம் பார்மாகெயர் சட்டத்தை நிறைவேற்றினது. முதல் கட்டமாகக் கருத்தடை மருந்துகளும் நீரிழிவு மருந்துகளும். மாகாணங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும். மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூக்கொன் முதலில் போட்டன. ஒன்ராறியோ அந்த வரிசையில் இல்லை.

டொக்டரிடம் போவதற்கே லீவு வேணும். ஒன்ராறியோ சட்டம் தருவது வருடத்துக்கு மூன்று நாள், அதுவும் சம்பளம் இல்லாமல். 2018 இல் ரெண்டு நாள் சம்பளத்தோடு இருந்தது. டக் ஃபோர்ட் அரசாங்கம் வந்து அந்த வருடத்தோடு அதை எடுத்துவிட்டது. மத்திய அரசின் சட்டத்துக்குள் வருகிற தொழிலாளருக்கு 2022 டிசம்பரில் இருந்து பத்து நாள் சம்பளத்தோடு லீவு இருக்கு. வங்கியில் வேலை செய்கிறவருக்கு இருக்கு. அதே வங்கிக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவருக்கு இல்லை.

என்ன செய்யலாம்

வீட்டில் இருந்து தொடங்குவோம். இந்தக் கடிதத்தை வாசிக்கிற நீங்கள் 25 வயதில் இருந்தால், 49 தூரம் இல்லை. உங்கட குடும்ப டொக்டரிடம் ஏ1சி பரிசோதனை கேளுங்கோ. "நீ மெல்லிசுதானே" என்று சொன்னால், தெற்காசியருக்கு ஆபத்து 24 இல் தொடங்குகிறது என்று சொல்லுங்கோ. இடுப்பை அளந்து பாருங்கோ: எங்கட ஆக்களுக்கு எச்சரிக்கைக் கோடு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. குடும்ப டொக்டர் இல்லாதவர்களும் ஓஹிப் இல்லாதவர்களும் சமூக சுகாதார நிலையங்களில் கேட்கலாம். பல இடங்களில் உணவு ஆலோசகரையும் காசில்லாமல் பார்க்கலாம்.

எங்கட கூட்டங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டு மணி வரைக்கும் பீட்சாவும் கோக்கும். முதலாளித்துவத்தைக் கவிழ்க்க முதல் எங்களை நாங்களே கவிழ்த்துவிடுவோம். தோழமை என்றால் ஒருவரின் உடம்பும் எங்கட பொறுப்பு என்பதுதானே.

கோரிக்கைகள். ஒன்ராறியோ பார்மாகெயரில் கையெழுத்துப் போட வேணும். எல்லாத் தொழிலாளருக்கும் பத்து நாள் சம்பளத்தோடு சுகவீன லீவு வேணும். ஸ்காபரோவுக்கு அடிக்கடி பஸ்ஸும், பனி வழித்த நடைபாதையும், தெரு விளக்கும் வேணும். உணவு வங்கிக்குப் பேணி சேர்ப்பதோடு நிற்காமல், சம்பளத்தையும் சமூக உதவிப் பணத்தையும் வாழக்கூடிய அளவுக்கு உயர்த்தக் கேட்க வேணும். தமிழில் பேசுகிற உணவு ஆலோசகர்கள் பொதுச் சுகாதாரத்துக்குள் வேணும். இவற்றை இதய ஆரோக்கியக் கோரிக்கைகள் என்று பெயர் சொல்லியே கேட்போம். கோயில் மண்டபத்துக் கருத்தரங்குகளைப் புறக்கணிக்கவும் வேண்டாம். அங்கேதான் எங்கட ஆக்கள் இருக்கினம். பின்வரிசையில் இருந்து அந்தக் கேள்வியை நாங்களும் சேர்ந்து கேட்போம்.

கருத்தரங்கு முடிந்து தேத்தண்ணி மேசையில் அந்த ஐயாவைக் கண்டேன். ஒரு ரோல்ஸைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "இரவைக்கு, தங்கச்சி" என்றார். அவருக்கு அன்றைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டவுடனே படுக்காமல், பஸ்ஸுக்கு முந்தின தரிப்பில் இறங்கி நடந்து பாருங்கோ ஐயா என்று மட்டும் சொன்னேன். "குளிருக்குள்ளயோ?" என்று சிரித்தார். பிறகு தன் கட்டடத்தில் எத்தினை பேர் இரவு வேலை, எத்தினை பேருக்குச் சீனி என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ரெண்டு கையும் காணாமல் போனது.

அந்தப் பட்டியலில் இருந்துதான் எங்கட வேலை தொடங்க வேணும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைப்போம். கூட்டத்தை ஆறு மணிக்கு வையுங்கோ. நான் கடலைச் சுண்டல் கொண்டு வாறன். மற்றச் சாப்பாட்டை ஆண் தோழர்கள் சமைத்துக்கொண்டு வரட்டும்.